ஒன்பது மணிக்கு முன்னால்

அல்சூர் ஏரியின் சுற்றுச்சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இராஜமாணிக்கம் பேக்கரிப் பொட்டலத்தைப் பிரித்தபோது மணி எட்டு ஐம்பத்தைந்து. கையிலிருந்த வாட்சை அவன் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். பதினொரு வருடமாக பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கிறவன். அங்கே எட்டு மணிக்கு ஒரு நிமிடம் தாண்டினாலும் கடிகார மிஷின் கார்டில் சிவப்பாக அச்சடிக்கும். அவன் கார்டில் ஒரு நாளும் சிவப்பு விழுந்ததில்லை.

தில்பசந்தை இரண்டாகப் பிட்டுப் பெரிய துண்டை மகளிடம் கொடுத்தான். சிந்து வெள்ளைக் கவுன் அழுக்காகாமல் சற்றுக் குனிந்து நின்று தின்றாள். ஒன்பது வயது. உள்ளே இருந்த தேங்காய்ப் பூரணத்தை முதலில் தின்று முடித்து, காய்ந்த ஓரத்தை அப்பாவிடம் நீட்டினாள். போன வருடம்வரை பூரணத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். எந்த வாரத்தில் மாறியது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ப்பா, டீச்சர் பேர் கூப்பிட ஆரம்பிச்சிருவாங்க."

"டைம் இருக்குது. மெதுவா தின்னு."

அவள் வேகமாக மென்றாள். ஏரியில் ராணுவத்தாரின் படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது தீவைச் சுற்றி மறையும்வரை இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று அவன் நினைத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி முடித்த ஏற்பாடு இது. அவன் மனைவி மங்களம் ஜீவனஹள்ளியில் அவளுடைய அண்ணன் வீட்டில் இருப்பாள், மகள் அவளோடு. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இராஜமாணிக்கம் வந்து பிள்ளையை அழைத்துக்கொண்டுபோய் புத்த விகாரையின் ஞாயிறு பள்ளியில் ஒன்பது மணிக்கு விடலாம். பன்னிரண்டுக்கு வகுப்பு முடியும்போது மாமன்காரன் வந்து கூட்டிப்போவான். எட்டிலிருந்து ஒன்பதுவரை. சைக்கிளில் இருபது நிமிடம் போய்விடும். மிச்சம் நாற்பது நிமிடம்தான் அவனுக்கு ஒரு வாரத்தின் மகள். அதற்காகத் தான் தங்கியிருக்கும் ஒக்கலிபுரத்திலிருந்து ஏழு மணிக்கே சைக்கிளை எடுத்துவிடுவான். நாற்பது நிமிடம் ஐம்பதாகி, மழைக்காலம் முடிவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டதுதான்.

அன்றைக்கு விகாரை வாசலில் இறக்கிவிட்டபோது ஒன்பது இருபத்தைந்து. சிந்து செருப்பை உதறிவிட்டு ஓடினாள். அவன் சைக்கிளைத் திருப்புவதற்குள் பிரபா டீச்சர் வெளியே வந்தாள். வார நாட்களில் ஏதோ ஒரு பேங்கில் வேலை. ஞாயிறுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அந்தக் கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம். கையில் வருகைப் பதிவேடு இருந்தது.

"அண்ணா, ஒரு நிமிஷம். ஜூன்லருந்து பன்னெண்டு லேட். எங்க ரூல் தெரியும்ல? மூணு லேட் ஒரு ஆப்சென்ட். சிந்துவுக்கு ஏற்கெனவே ரெண்டு வாரம் ஜுரம்."

"இனிமே பாத்துக்கறேன் டீச்சர்."

"வைசாக பௌர்ணமி விழாவுல அவதான் தனியா நின்னு புத்தர் பாட்டு, அந்தக் காதைய, சொல்லணும். அவ்ளோ நல்லா சொல்றா. ஆனா அட்டெண்டன்ஸ் இல்லாத பிள்ளைய மேடை ஏத்தினா, டைமுக்கு வர்ற மத்த பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவன் தலையசைத்தான். அத்துடன் முடிந்தது என்று நினைத்தான். டீச்சர் போகவில்லை.

"இவ்ளோ கண்டிப்பு எதுக்குன்னு நீங்க நினைப்பீங்க. நம்ம ஜனத்துப் பிள்ளைங்க நாளைக்கு ஒரு இன்டர்வியூக்கு ரெண்டு நிமிஷம் லேட்டா போனா, இவங்க எப்பவுமே இப்படித்தான்னு சொல்லுவாங்க. அதே ரெண்டு நிமிஷம் வேற யாராவது லேட்டா வந்தா, பாவம் ட்ராஃபிக்னு சொல்லுவாங்க. எனக்குச் சொல்லியிருக்காங்க அண்ணா."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு. ரயில்வே கேட் போட்டுட்டாங்கன்னு ஒவ்வொரு வாரமும் சொல்றா. நானும் அந்த வழியாதான் வரேன். கேட் திறந்துதான் இருக்குது. இங்க பொய் சொல்லாம இருக்கறது எப்படின்னுதான் பாடம் நடத்தறேன். அந்தப் பிள்ளை என் மூஞ்சியப் பாத்து சொல்றா, அடுத்த நிமிஷம் அழுவற மாதிரி ஆயிடறா. அதான் வீட்டுக்கு ஒரு லெட்டர் குடுத்தனுப்பறேன்."

அவன் மகளிடம் ஒருநாளும் அப்படிச் சொல்லச் சொன்னதில்லை. சைக்கிளை மிதிக்காமல் ஏரிவரை தள்ளிக்கொண்டே நடந்தான். தான் ஏரிக்கரையில் படகு பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தப் பிள்ளை அடுத்துச் சொல்லவேண்டிய பொய்யை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஜீவனஹள்ளி வீட்டின் கதவைத் திறந்தது மங்களம். வழக்கமாகப் பிள்ளை மட்டும்தான் வெளியே வரும். மங்களம் உள்பக்கம் திரும்பி, "தலை வாரினு இரு, வரேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை முன்னால் நடந்தாள். மெலிந்திருந்தாள். கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தான். புடவை முந்தானையில் ஒரு நூல் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்க அவன் கை அரை அங்குலம் நகர்ந்து நின்றது.

"டீச்சர் லெட்டர் குடுத்தாங்க" என்றாள்.

"தெரியும்."

"லேட்டாவறதுன்னா என்னான்னு உனக்குத் தெரியாதா?"

எதைச் சொல்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன், ஏழாம் மாதத்திலேயே அவளுக்கு வலி எடுத்த நாள், காலை பதினோரு மணிக்குக் கம்பெனிக்குப் போன் வந்தது. மாற்றாள் வரவில்லை. சூப்பர்வைசர், போகிறதானால் போ, என்றுதான் சொன்னார். ஓடிக்கொண்டிருந்த மிஷினை விட்டுவிட்டு அவன் போகவில்லை. நாலரைக்கு ஷிஃப்ட் முடிந்து, ஹோசூர் ரோடு நெரிசலில் ஊர்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறேகால். இறந்து பிறந்த ஆண் குழந்தை. துணியில் சுற்றி மாமன்காரன் எடுத்துப்போய்விட்டிருந்தான். இராஜமாணிக்கம் குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மங்களம் அன்றைக்கு அவனை ஒன்றும் கேட்கவில்லை. பத்து மாதம் ஒன்றுமே கேட்காமல் இருந்துவிட்டு ஒருநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆறு வயது முடிந்த பிள்ளை, கால் அம்மாவின் முழங்காலில் இடிக்கத் தொங்கிக்கொண்டு போனது.

"வேணும்னுதான் லேட் பண்ணேன்" என்றான். "அவகூட இன்னும் சொல்ப நேரம் இருக்கணும்னு."

மங்களம் எதிர்ப்பக்கத்துக் குழாயடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ தினமும் சாயங்காலம் அந்தக் காதைய சொல்லிப் பாக்கறா. சமையல்கட்டுல நின்னுக்கினு, கையக் கூப்பிக்கினு. அவ பேர அடிச்சாங்கன்னா, நானே கூட்டினு போயிடுவேன். அப்பறம் நீ வரவே வேணாம்."

"இல்ல. இனிமே டைமுக்கு விட்டுருவேன்."

அவள் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். இராஜமாணிக்கம் பின்னாலிருந்து கேட்டான். "ஏழரைக்கு வரட்டுமா, மங்களம்? அரை மணி முன்னாடி?"

அவனுக்கே அது அதிகப்படியாகத் தோன்றியது. அவள் நின்றாள். திரும்பவில்லை.

"பாக்கலாம்" என்றாள்.

சிந்துவை முன்பக்கக் கம்பியில் உட்காரவைத்துக்கொண்டு மிதித்தான். அவள் தலையிலிருந்த எண்ணெய் வாசனை அவன் தாடைக்குக் கீழே இருந்தது. காக்ஸ் டவுன் மார்க்கெட்டைத் தாண்டியதும், "இன்னிக்கு ஏரிக்கு வேணாம்ப்பா" என்றாள், சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு.

"வேணாம். நேரா போலாம்."

"உனக்குக் கோவமா?"

"இல்லம்மா. கேட் போட்டுட்டாங்கன்னு இனிமே நீ சொல்ல வேணாம். யாராவது கேட்டா, எங்கப்பாவாலதான் லேட்னு சொல்லு."

அவள் ஹேண்டில்பாரில் இருந்த அவன் கைமேல் தன் கையை வைத்தாள். அடுத்த திருப்பத்தில் பேலன்ஸுக்காக எடுத்துக்கொண்டாள்.

எட்டரைக்கெல்லாம் விகாரைக்கு வந்துவிட்டார்கள். கேட் பூட்டியிருந்தது. அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். டீச்சர் வந்து திறக்க இருபது நிமிடமாவது ஆகும். யாரையும் ஏமாற்றாமல் கிடைத்த இருபது நிமிடம். படியில் தூசியைத் தட்டி அவளை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தக் காதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். ஸ்கூலில் யார் பக்கத்தில் உட்காருகிறாள் என்று கேட்கலாம். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சந்து முனையில் இரண்டு சிறுமிகள் வெள்ளைக் கவுனில் வந்தார்கள். "ஏய், நீ சீக்கிரம் வந்துட்டியா" என்று ஒருத்தி அங்கிருந்தே கேட்டாள். சிந்து எழுந்து ஓடினாள். பாதி தூரத்தில் திரும்பி அப்பாவை ஒருமுறை பார்த்தாள். அவன் போ என்று கையைக் காட்டினான்.

எதிர்ச்சுவர் ஓரமாக மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு என்னவோ பேசினார்கள், சிரித்தார்கள். அவள் அப்படிச் சிரித்து அவன் வெகுநாளாகப் பார்க்கவில்லை. இந்த நேரத்துக்காகத்தான் அவள் ஒவ்வொரு வாரமும் ஏரிக்கரையில் அவசரப்பட்டிருக்கிறாள்.

எட்டு ஐம்பதுக்கு டீச்சர் வந்து கேட்டைத் திறந்தாள். அவனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். பிள்ளைகள் உள்ளே போனார்கள். சரியாக ஒன்பதுக்குக் கேட் மூடியது. அவன் கிளம்பியிருக்கலாம். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, கூடத்தின் பின்பக்க ஜன்னலுக்குக் கீழே போய் நின்றான். ஜன்னல் அவன் தலைக்கு மேலே இருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே புத்த வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே குரலாக, புரியாத பாலி மொழியில், இழுத்து இழுத்து. அதில் தன் மகளின் குரலைத் தனியாகப் பிரித்தெடுக்க அவன் கண்ணை மூடிக்கொண்டு முயன்றான். கொஞ்சம் கரகரப்பான ஒன்று. இல்லை, அது வேறு யாரோ. மெல்லிசாக, ஒவ்வொரு அடியின் முடிவிலும் மூச்சு வாங்குகிற ஒன்று இடப்பக்கத்திலிருந்து வந்தது. இதுதான் என்று முடிவு செய்துகொண்டான். மெயின் ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி போய் எல்லாக் குரலையும் மூடியது. அது தூரமாகப் போய் ஓயும்வரை சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.