தேக்சா கடந்த பாலம்

எங்கள் சாவடிக்கரையில் கூவத்தின் மேல் இதுவரை நான்கு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அவற்றை யார் திறந்துவைத்தது என்று கல்வெட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்கள் ஊருக்குப் புதியவர்கள். எங்களைக் கேட்டால் வேறு ஆட்களைச் சொல்வோம்.

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஆறு என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். வருஷத்தில் பாதி நாள் மாடு முட்டி நனையாமல் கடந்துவிடும். மீதி நாள் அது யாரையும் மதிக்காது.

முதல் பாலம் நவாபு காலத்தது, செங்கல் வளைவு. அதிகாரி ஒருவர் குதிரையேறி முதலில் கடக்க வேண்டும் என்று நாள் பார்த்துப் பந்தலும் போட்டார்களாம். முந்தின நாள் சாயங்காலமே சுண்ணாம்பு மூட்டை சுமந்த கழுதைகள் வரிசையாக அக்கரைக்குப் போய், மாவிலைத் தோரணத்தையும் தின்றுவிட்டு நின்றன. பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை; அதனால் மறுக்கவும் ஆளில்லை.

வெள்ளம் அதைக் கொண்டுபோன பிறகு வெள்ளைக்காரத் துரை ஒருவர் இரும்பில் பாலம் போட்டு, கல்லில் தன் பெயரையும் வெட்டிக்கொண்டார். அவர் பேண்டு வாத்தியத்தோடு வருவதற்குள் அக்கரையில் ஒருத்திக்கு வலி கண்டு, இக்கரை மருத்துவச்சி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். துரை வந்து இறங்கியபோது பிள்ளை அழுகிற சத்தம் கேட்டதாம். அந்தப் பிள்ளையின் வம்சத்தார் இன்றைக்கும் ரேஷன் கடை வரிசையில் முன்னால் போய்த்தான் நிற்கிறார்கள்.

மூன்றாவது, அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்த காலத்துக் காங்கிரீட் பாலம். மந்திரி வருவார், வருவார் என்று காத்திருக்கையில் ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. டிபன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டியவர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? சைக்கிள்கள் மொத்தமாகப் போய்விட்டன. பத்திரிகையில் வந்த படத்தைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். மந்திரி வெட்டுகிற ரிப்பன் ஏற்கெனவே அறுந்தது. இரண்டு பேர் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெருவெள்ளத்தில் அதன் நடுத்தூண் இறங்கியது. அதற்கப்புறம் குழாய் பதித்து மண் கொட்டிய தரைப்பாலம்தான் எங்கள் கதி. நான்காவது பாலம் ஒருவழியாகச் சித்திரையில் முடிந்தது. பெயிண்ட் அடித்து விளக்கும் போட்டாயிற்று. திறப்பு விழா மட்டும் பாக்கி. ஆடி மாசம் என்று ஒருமுறை தள்ளினார்கள், திறந்துவைக்க வேண்டிய கட்சித் தலைவருக்குக் கால் சுளுக்கு என்று ஒருமுறை. அப்புறம் காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு. எங்கள் பக்கத் தடுப்புக்கு ஒரு காவலாளி, வேம்புலி.

இந்த நிலைமையில்தான் என் பக்கத்து வீட்டுச் சைனம்புவுக்கு அந்த ஆர்டர் வந்தது.

இக்கரையில் காதுகுத்தோ சுன்னத்தோ, எதுவானாலும் அவள் பிரியாணிதான். அக்கரை மட்டும் அவளுக்கு எட்டவில்லை. அங்கே எல்லாம் ஆம்பளை மாஸ்டர்கள். அக்கரை ஹார்டுவேர் கடைக்காரர் கலீல் ரகுமான் தன் தங்கை மகள் இஃபத்தின் நிக்காஹ்வுக்கு இவளிடம் வந்தார் என்றால், தங்கை பிடித்த பிடிவாதத்தால்தான். அவர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். கொத்தமல்லி கேட்கப் போயிருந்தேன், நம்பினால் நம்புங்கள்.

"இத பாரும்மா, பந்தி நேரத்துக்கு பிரியாணி தேக்சா மண்டபத்துல இருக்கணும். லேட்டாச்சுன்னா ஹோட்டல்லேர்ந்து எறக்கிடுவேன். அப்பறம் எங்க பக்கம் கரண்டியத் தூக்கினு வராதே" என்று நின்றபடியே சொன்னார்.

"மண்டபத்துல வெறகு எரிக்க வுடமாட்டாங்க அண்ணே. கேஸ்ல தம் போட்டா எனுக்கே புடிக்காது. ஊட்டாண்ட ஆக்கி எடுத்தாறேன்."

"எப்டியோ கொண்டா."

அவர் தலை மறைந்ததும் சைனம்புவின் வீட்டுக்காரர் அப்துல் ரசாக் ஆரம்பித்தார். மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதிக்கிறவர். எதற்கும் முதலில் பயப்படுவார். "இன்னாத்துக்கு இந்த வீராப்பு? கேஸ்லயே ஆக்கிட்டுப் பூடேன்."

"மொத மொதலா அக்கரை என் சோத்தைத் துன்னப்போவுது. அன்னிக்கா நான் ரெண்டாந்தரமா ஆக்கணும்?"

கல்யாணத்துக்கு முந்தின நாளெல்லாம் மழை. மேலே ஏரியைத் திறந்துவிட்டார்கள். காலையில் சைனம்பு இரண்டு பெரிய தேக்சாவுக்கும் மாவால் வாய் ஒட்டி, மூடி மேல் கங்கு பரப்பிய நேரத்தில், தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டது. நெடுஞ்சாலை வழியாகச் சுற்றலாம் என்று ரசாக் விசாரித்தார். அங்கே கண்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே படுத்துக்கிடந்தது. தம் முடிந்த பிரியாணி யாருக்காகவும் காத்திருக்காது. சூட்டிலேயே அரிசி குழைந்துகொண்டு போகும்.

சைனம்பு ஆற்றைப் பார்த்தாள். பிறகு புதுப்பாலத்தைப் பார்த்தாள். "வண்டியக் கட்டு" என்றாள்.

ரசாக் மிதிக்க, தெருவே தள்ள, தேக்சா தடுப்புக்கு முன்னால் போய் நின்றது. வேம்புலி குறுக்கே வந்தான்.

"இன்னா பாயம்மா இது? மேலேர்ந்து ஆர்டர். தலைவர் வந்து ரிப்பன் வெட்டற வரைக்கும் ஈ, எறும்பு போவக்கூடாது."

"காலைல அடுக்குமாடிக்காரங்க ஷூ மாட்டிகினு ஓடறாங்களே, அவங்க ஈயா எறும்பா?" என்று கேட்டேன். நான் பின்னாலேயே போயிருந்தேன் என்று சொல்லவும் வேண்டுமா?

"அது வாக்கிங் யக்கா. இது வண்டி. பாலம் தாங்குமோ தாங்காதோ, யாருக்குத் தெரியும்?"

இங்கேதான் மாட்டிக்கொண்டான். ஜல்லி ஏற்றிய லாரிகளை நடுப்பாலத்தில் நிறுத்தி டெஸ்ட் பண்ணிய கதையை டீக்கடையில் எனக்குச் சொன்னதே அவன்தான்.

"அத்தினி லாரி தாங்குன பாலம் ரெண்டு தேக்சாவுக்கு ஒடிஞ்சுடுமா? அந்த லாரிங்களுக்கு ரிப்பன் வெட்டுனது யாரு, நீயா?"

கூட்டம் சிரித்தது. வேம்புலி சிரிக்கவில்லை. "நீ பேசிட்டுப் பூடுவே யக்கா. வேலை போனா எனுக்குத்தானே போவும்?"

அது நியாயம். நான் சைனம்புவுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்; தெருவில் பலருக்கு அது அதிசயம்.

சைனம்பு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அண்ணாத்தே, உனுக்கு இன்னா ஆர்டர் போட்டுக்கீறாங்க?"

"பாலத்தக் காவல் காக்கணும். எவனும் கண்டமேனிக்குப் போவக்கூடாது."

"கண்டமேனிக்கு யாரு போறா? நீ முன்னாடி நட. இந்த முனைலேர்ந்து அந்த முனை வரைக்கும் உன் காவல்லயே போவட்டும். பாலத்துக்கு ஒரு கீறல் வுழுந்தா என்னக் கேளு. மேல கேட்டாங்கன்னா, நான் பாலத்த வுட்டு ஒரு அடி நகரலைன்னு சொல்லு. பொய்யா அது?"

வேம்புலி யோசித்தான். அந்த நேரம் பார்த்து ஒரு தேக்சாவில் ஒட்டிய மாவு வெடித்து, ஆவி சீறிக்கொண்டு வெளியே வந்தது. வாசனையால்தான் அவன் மசிந்தான் என்று நான் சொல்ல மாட்டேன். மூக்கு விடைத்ததை மட்டும் பார்த்தேன்.

சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டான். விசிலை எடுத்தான். தடுப்பைத் தானே இழுத்து ஓரமாக நிறுத்தினான்.

"ஓரம் போ! ஓரம் போ! தள்ளாதீங்கப்பா!"

முன்னால் வேம்புலி, கைத்தடியும் விசிலுமாக. அவன் பின்னால் தேக்சா. ரசாக் பெடல் மேல் எழுந்து நின்று மிதித்தார். அதற்குப் பின்னால் தெரு மொத்தமும், பட்டுப்புடவையோடு இக்கரையில் மாட்டியிருந்த கல்யாணக் கூட்டமும், ஸ்கூல் ஆட்டோவும், கணக்கில்லாத பைக்குகளும். இப்படி ஒரு பைலட் எந்த மந்திரிக்கும் கிடைத்ததில்லை. நடுப்பாலம் தாண்டியதும் சரிவு. வண்டி பிய்த்துக்கொண்டு ஓடப் பார்த்தது.

"புடி! புடிங்கய்யா! பிரேக் நிக்கலை!" என்று ரசாக் அலறினார். முன்னால் தள்ளியவர்களெல்லாம் இப்போது பின்னால் இழுத்தார்கள். சைனம்பு தேக்சாவின் வளையத்தை ஈரச்சாக்கோடு பிடித்துக்கொண்டு ஓடினாள். அக்கரைத் தடுப்பைத் தொப்பி போட்ட பிள்ளைகள் நாலைந்து பேர் ஓடிவந்து அலாக்காகத் தூக்கி வைத்தார்கள்.

மண்டப வாசலில் கலீல் ரகுமான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "எங்க கீறீங்க? இன்னும் லாரியத் தூக்கலையா?" என்று ஹோட்டல்காரனிடம் கத்திக்கொண்டிருந்தார். விசில் சத்தம் கேட்டுத் திரும்பினார். போன் பேசிக்கொண்டே இருந்தது, அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியிடம் வந்தார்.

சைனம்பு கங்கைத் தள்ளி, மாவைக் கத்தியால் வகுந்து, மூடியைத் திறந்தாள். கரண்டியை அடிவரை விட்டு எடுத்தாள். அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்தது. கலீல் ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்தார், வாயில் போட்டார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "பந்தி போடுங்கப்பா!" என்று தானே தட்டெடுத்துப் பரிமாறத் தொடங்கினார். சம்பந்தி வீட்டார் இரண்டாம் தடவை கேட்டார்கள். மாப்பிள்ளைத் தோழர்கள் மூன்றாம் தடவையும் கேட்டார்கள். நான் எத்தனை தடவை என்பது இங்கே தேவையில்லை.

அன்றைக்கு விலக்கிய தடுப்பைத் திருப்பி வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்த வாரமே தலைவர் மாலையும் மேளமுமாக வந்து ரிப்பன் வெட்டினார். இரண்டு பக்கமும் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. வேம்புலியின் வேலை போகவில்லை. கூட்டத்தை ஒழுங்காக நடத்தத் தெரிந்தவன் என்று விழாவிலும் அவனையே முன்னால் நடக்கவிட்டார்கள்.

மறுநாள் கலீல் ரகுமான் மறுபடி வந்தார். இந்தமுறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பையன் அர்ஷத்துக்கு தையில நிக்காஹ் வச்சிருக்கோம்மா. நீதான் ஆக்கணும். எங்க கடைக்குப் பின்னாடி எடம் கீது, வெறகு எரிச்சா யாரும் கேக்கமாட்டாங்க. அங்கயே வந்துடு."

"நான் எதுக்கு அண்ணே வரணும்?" என்றாள் சைனம்பு, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல். "அடுப்பு இங்கயே எரியட்டும். தேக்சா பாலத்துல வரும்."