தாத்தா கொடுத்த மிஸ்டு கால்

என் தாத்தா சவரிராயன் இரண்டு வருடத்தில் மூன்று முறை சாகக் கிடந்தார். மூன்று முறையும் நான் குவைத்திலிருந்து விமானம் ஏறி ஓடி வந்தேன். மூன்று முறையும் பங்குச் சாமியார் வந்து, ஜெபம் சொல்லி, நெற்றியில் எண்ணெய் பூசிவிட்டுப் போனார். மூன்று முறையும் மறுநாள் காலையில் தாத்தா எழுந்து உட்கார்ந்து, "நண்டு கெடைக்குமா?" என்று கேட்டார். அந்த எண்ணெயில் என்னதான் கலக்கிறார்கள் என்று நர்ஸ் வேலை பார்க்கும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாவது முறை லீவு கேட்டபோது என் வார்டு சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பவுலின், உனக்கு மொத்தம் எத்தனை தாத்தா?" என்று கேட்டாள். ஒருத்தர்தான், அவரேதான் மறுபடியும் என்றேன். பத்து நாள் கொடுத்தாள். இனி இரண்டு வருடத்துக்கு எந்தத் தாத்தாவுக்காகவும் லீவு கேட்க மாட்டேன் என்று எழுதியும் வாங்கிக்கொண்டாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்து நாளுக்குள் தாத்தா செத்துவிட வேண்டும் என்று நான் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். பாசம் இல்லாமல் இல்லை. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அப்பா இறந்தார். அப்போது எனக்கு அம்மை போட்டிருந்தது. ஊரே கல்லறையில் நின்று ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டபோது என்னைப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் வேப்பிலையில் படுக்க வைத்திருந்தார்கள். மணிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பெற்ற அப்பனுக்கு ஒரு பிடி மண் போடாதவள் நான். அதற்குப் பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவர் தாத்தா. அவருக்காவது என் கையால் போட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவரோ போகிற வழியாக இல்லை. ஒன்பதாவது நாள் காலையில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மறுநாள் மதியம் எனக்கு விமானம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்லை.

பிரபு சித்தப்பா எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்கிற ஆள். முழுப் பெயர் ஆரோக்கிய பிரபு. ஃப்ரீசர் பாக்ஸ், ஷாமியானா, பேண்டு செட் எல்லாவற்றுக்கும் சொல்லி வைத்திருந்தார். எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால் வீட்டில் அழுகைச் சத்தம் எழுவதற்கு முன் கோயில் மணி அடிக்க வேண்டும். வயதுக்கு ஒன்றாக, நிறுத்தி நிறுத்தி அடிக்க வேண்டும். மணி அடிக்கிற ஜான்சன் உப்பளத்திலும் வேலை பார்ப்பவன். கையெல்லாம் உப்புத் தண்ணீராக இருக்கும்போது போனை எடுத்துப் பேச முடியாது. அதனால் சித்தப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். "எங்கிட்டேருந்து மிஸ்டு கால் வந்தா முடிஞ்சிச்சுன்னு அர்த்தம். எடுக்காத, பேசாத. நேரா போய் மணிய அடி. அப்படியே மத்தவங்களுக்கும் சொல்லிடு" என்று ஜான்சனிடம் சொல்லி வைத்தார். இந்த ஏற்பாட்டைத் தாத்தாவிடம் யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

காலை பத்து மணி இருக்கும். சித்தப்பா குளிக்கப் போயிருந்தார். அவருடைய போன் தாத்தாவின் கட்டில் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. அம்மாவும் நானும் அடுப்படியில் இருந்தோம். அப்போது மணி அடிக்க ஆரம்பித்தது.

"பாப்பா, யாரோ பூட்டாங்க போல. எண்ணு" என்றார் தாத்தா.

"நீங்களே எண்ணுங்க. எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன் எரிச்சலோடு.

அவர் சத்தமாக எண்ணினார். ஐம்பது தாண்டியதும், "சின்ன வயசு இல்ல, நல்ல வேள" என்றார். எழுபது தாண்டியதும் நண்டைக் கீழே வைத்தார். "நம்ம செட்டுதான்." எண்பது நெருங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. "சூசை பூட்டாண்டி! எனக்கு அப்புறந்தான் போவேன்னு சவால் வுட்டானே!" எண்பத்து மூன்றில் மணி நின்றது. தாத்தா விரல்களைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "சூசைக்கு எழுவத்தொம்போதுதான். எண்பத்தி மூணு இந்த ஊர்ல யாருக்குடி?"

அதற்குள் தெருவில் அழுகை கேட்டது. சித்தப்பாவின் மனைவி சந்தனமேரி சித்தி ரேஷன் கடையிலிருந்து தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "மாமா... எங்கள வுட்டுட்டு பூட்டீங்களே மாமா..." என்று ஓடி வந்தாள். வாசலில் நுழைந்து, மாமா நண்டு ஓட்டை உடைப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"சர்க்கரை வாங்கினியா?" என்றார் தாத்தா.

அரை மணி நேரத்தில் வாசலில் ஷாமியானா ஏறியது. டெம்போவில் ஃப்ரீசர் பாக்ஸ் வந்து இறங்கியது. பேண்டு செட் ஆட்கள் இருவர் வந்து ஓரமாக நின்றார்கள். சித்தப்பா ஈரத் துண்டோடு குறுக்கும் நெடுக்கும் ஓடினார். ஊர் ஆட்கள் மாலையோடு வந்து, மாலை போட வேண்டிய கழுத்து நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

கடைசியாக வந்தது பெரிய முதலியார்சாவடி ஊரிலிருந்து ஒரு வேன். அதில் சித்தியின் அம்மா அந்தோணியம்மாள் வந்தாள். சாவு வீட்டில் அன்று அடுப்பு மூட்டக் கூடாது, சம்பந்தி வீட்டுச் சோறுதான் வர வேண்டும். அதனால் ஒரு பெரிய அண்டா நிறைய சாம்பார் சாதம் கிளறிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் வேனுக்குள் ஒப்பாரி. சித்தி பதினாறு முறை கூப்பிட்டும் ஒருத்தர் காதிலும் போன் விழவில்லை.

இவளுக்கும் தாத்தாவுக்கும் இருபத்திரண்டு வருடப் பகை. சித்தப்பா கல்யாணத்தன்று, பெண் வீட்டுப் பிரியாணியை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு பத்தல" என்று பந்தியில் சத்தமாகச் சொன்னவர் தாத்தா. உப்பளத்திலேயே பிறந்து வளர்ந்த நாக்கு அது. அதன்பின் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஆனால் சாவு என்றால் சாவுதானே. வேனிலிருந்து இறங்கியவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாரில் அடித்துக்கொண்டு நேராக வந்தாள்.

"எங்கூட்டு சோத்த ஒரு நாளும் கொற சொல்லாத சம்பந்தீ..."

"சொன்னேனே. உப்பு பத்தலன்னு சொன்னேனே" என்றார் தாத்தா உள்ளேயிருந்து.

அந்தோணியம்மாள் போட்ட கூச்சலில் பேண்டு செட் ஆள் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டுவிட்டான்.

பிறகு விசாரணை நடந்தது. ஜான்சன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "பிரபு அண்ணங்கிட்டேருந்து மிஸ்டு கால் வந்துச்சு. எடுக்காத, பேசாதன்னு அவருதான் சொன்னாரு. நான் அடிச்சேன்."

"நான் குளிச்சிக்கினு இருந்தேண்டா!" என்றார் சித்தப்பா.

"நாந்தான் குடுத்தேன்" என்றார் தாத்தா சாவகாசமாக. "ஒரு கட்டு பீடி வேணும்னு இவனுக்கு அடிச்சேன். ரெண்டு ரிங்கு போனதும் கட் பண்ணேன். எப்பவும் அப்படித்தான? திருப்பிக் கூப்புடுவான்னு பாத்தா, மணி அடிக்கப் பூட்டான்." பிறகு ஜான்சனை முறைத்தார். "அது இருக்கட்டும். எனக்கு எண்பத்தொண்ணு. எண்பத்தி மூணுன்னு எவன் சொன்னான்?"

"ரேஷன் கார்டுல அப்படித்தான் இருக்குது, பெரிப்பா."

சித்தப்பா எல்லாரையும் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு அனுப்பப் பார்த்தார். தாத்தா விடவில்லை. "வந்தவங்கள சாப்புடாம அனுப்புவியா? நாளைக்கு நான் நெசமா போறப்ப இவங்கள்லாம் வர வேணாமா?" அவ்வளவுதான். பந்தி போட்டாகிவிட்டது. ஷாமியானா நிழலில் எண்பது பேர் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டோம். ஃப்ரீசர் பாக்ஸைச் சும்மா திருப்பி அனுப்ப வேண்டாமே என்று, பிளக்கைச் சொருகி, கலர் சோடாவும் தர்பூசணியும் உள்ளே வைத்தோம். மே மாத வெயிலுக்கு அந்த மாதிரி ஜில்லென்ற தர்பூசணியை நான் சாப்பிட்டதில்லை. பேண்டு செட் ஆட்கள் கல்யாணப் பாட்டாக வாசித்தார்கள். சூசை தாத்தா எழுந்து ஆடினார்.

தாத்தா நடுவில் நாற்காலி போட்டு, மாலைகளையெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "செத்தப்புறம் சொல்றத இப்பவே சொல்லுங்க. தப்பு இருந்தா நான் திருத்தறேன்" என்றார். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நல்ல மனுஷன் என்றார்கள், சரி என்றார். குடிக்கவே மாட்டார் என்று ஒருவர் சொன்னார். "சொல்லாத, அது பொய்யி" என்றார். அந்தோணியம்மாளின் முறை வந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இன்னிக்கு சாம்பார் எப்படி இருந்துச்சு, அத மொதல்ல சொல்லுங்க சம்பந்தி" என்றாள். தாத்தா மெல்லச் சிரித்தார். "பத்தல சம்பந்தியம்மா. ஆனா ரெண்டாவது தபாவும் வாங்கித் துன்னேன்." அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தில் மறுநாள் கிளம்ப வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

மறுநாள் காலையில் நினைவு வந்தது. கார் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது தாத்தா, "பாப்பா, என்ன உப்பளத்துக்கு இட்டுக்கினு போ" என்றார். சித்தப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் போனேன். பாத்திகளில் உப்பு பூத்துக் கண்ணைக் கூச வைத்தது. வரப்பில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை மடியில் விரித்தார்.

"போடு" என்றார்.

"என்னத்த?"

"உன் பங்க. ஒரு பிடி."

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம்தான் முதலில் வந்தது. "உங்களுக்கு வேற வெளையாட்டே இல்லையா? எழுந்திரிங்க, போலாம்."

"உக்காருடி. உங்கப்பனுக்கு மண்ணு போடலன்னு நீ நாலு நாளு சோறு துன்னல. எனக்குத் தெரியாதா? நான் எப்ப போவேன்னு எனக்கும் தெரியல, சாமியாருக்கும் தெரியல. அந்தக் குவைத்து பொம்பள இனிமே லீவு குடுக்க மாட்டா." என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "இந்தப் பத்து நாளா நீ இன்னா வேண்டிக்கினு இருந்தேன்னும் தெரியும். ஜெபமாலைய அவ்ளோ வேகமா யாரும் உருட்ட மாட்டாங்க."

நான் ஓவென்று அழுதேன். வெட்கமாக இருந்தது, வலித்தது, அவர் மேல் அவ்வளவு பாசமாகவும் இருந்தது. பாத்தியிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளி அவர் துண்டில் போட்டேன்.

"இன்னும் கொஞ்சம். சம்பந்தியூட்டு சாம்பார் மாதிரி கஞ்சத்தனம் பண்ணாத."

அழுகையோடு சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். அவர் துண்டை முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். கட்டை விரலால் என் நெற்றியில் சிலுவை போட்டார். "ஆச்சு. இனிமே லீவு எடுத்தா கல்யாணத்துக்கு எடு" என்றார்.

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சித்தப்பா போன் செய்தார். அழுதுகொண்டிருந்தார். "அப்பா தூக்கத்துலயே பூட்டாரும்மா." நெசமாவா சித்தப்பா என்று நானே இரண்டு முறை கேட்டேன். ஜான்சன் இந்த முறை சரியாக எண்பத்தொன்று அடித்தானாம். ஊரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "பீடி கேக்கறாரு போல" என்று அவரவர் வேலையைப் பார்த்தார்களாம். சித்தப்பா வீடு வீடாகப் போய்ச் சத்தியம் செய்ய வேண்டியதாகிவிட்டது. அந்தோணியம்மாள் வீடியோ காலில் முகத்தைக் காட்டச் சொல்லி, நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்று அவள் கொண்டுவந்த சாம்பார் சாதத்தை யாராலும் வாயில் வைக்க முடியவில்லையாம். அவ்வளவு உப்பு.

அடக்கத்தை வார்டு வராண்டாவில் யூனிஃபார்மோடு நின்று போனில் பார்த்தேன். பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். எல்லாரும் கையில் மண்ணோடு நின்றார்கள், ஆனால் யாரும் போடவில்லை. சித்தப்பா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். தாத்தாவின் கட்டிலுக்கு அடியில் இருந்ததாம். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் அவருடைய கோணல் எழுத்து: "பவுலின் பங்கு. மொதல்ல இத போடு."

சித்தப்பா பாட்டிலைக் கவிழ்த்தார். யாருடைய மண்ணும் விழுவதற்கு முன் என் உப்பு விழுந்தது.