கழுத்தளவு

ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆன பிறகும் தெரு அவரை ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் அழைத்தது. வீட்டுக்குள்ளேயும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் இருப்பார். நாற்காலியில் சாய மாட்டார். சாய்மானம் நோயாளிக்கு என்பது அவர் கட்சி. அப்பேர்ப்பட்டவர் மடியில் இப்போது ஒரு பொம்மையின் தலை இருந்தது. உடம்பு மேசைமேல் தனியாகக் கிடந்தது.

பழைய பொருள் சந்தையில் வாங்கியது. யாரோ ஒரு குழந்தை கன்னமெல்லாம் பேனாவால் கிறுக்கியிருந்தது. மை போவதற்கு முகப்பருக் களிம்பைத் தடவி வெயிலில் வைத்திருந்தார். அந்தக் களிம்பு வாங்கப் போனபோது மருந்துக் கடைக்காரர் அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. மை போய்விட்டது. இப்போது மொட்டைத் தலையில் ஊசியால் துளைத்துத் துளைத்து நூல் முடியை நட்டுக்கொண்டிருந்தார்.

ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. ஊருக்கு இது தெரிய வேண்டிய அவசியமில்லை.

"நல்லா முடி நடுங்க," என்றாள் மனைவி, துணி மடித்தபடி. "முடி வெட்டறவனுக்கா பொண்ணு கொடுக்கறதுன்னு அன்னைக்கு அந்தக் குதி குதிச்சீங்க. மருமகனாவது வெட்டறதோட விட்டாரு. நீங்க நட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"அது தொழில். இது பொழுதுபோக்கு."

"ஓஹோ. காசு வாங்கினா கேவலம், வாங்காட்டி கௌரவமா?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

மகள் போன அன்று, "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று சொன்னவர் அவர்தான். அவள் அழவில்லை. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீங்களா என் வீட்டுக்கு வர்ற வரைக்கும் மிதிக்க மாட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். அவள் முதுகு கொஞ்சமும் வளையவில்லை. அந்த முதுகு யாருடையது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவள் சாமான்களை ஒழித்துக் கட்டுகிறேன் என்று பரணில் ஏறியவர், ஒரு கண் மூடாத பொம்மையோடு இறங்கி வந்தார். படுக்க வைத்தால் இரண்டு கண்ணையும் மூட வேண்டிய பொம்மை. தலையை வெந்நீரில் போட்டு இளக்கி, கழற்றி, உள்ளே சிக்கியிருந்த கண்ணைச் சரிசெய்தார். சட்டை கிழிந்திருந்தது, மனைவியின் தையல் மிஷினில் உட்கார்ந்து புதிதாக ஒன்று தைத்தார். அன்று பிடித்த பைத்தியம் விடவில்லை. சந்தைக்காரர் ஒவ்வொரு தடவையும், "பேத்திக்கா சார்?" என்பார். இவரும் "ஆமா" என்பார். அப்போது பேத்தி கிடையாது.

இப்போது இருக்கிறாள்.

மனைவி அவ்வப்போது "டாக்டர்கிட்ட போயிட்டு வரேன்" என்று கிளம்புவாள். எந்த டாக்டர் என்று அவர் கேட்கமாட்டார். கேட்டால் தெரிந்ததாக ஆகிவிடும். தெரிந்தால் தடுத்தாக வேண்டும். அவள் திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துப் பேசுவாள்.

"குப்புற விழுந்துடுச்சு. நீளமும் நல்லா வந்திருக்கு." சோபா உறையின்மேல் இரண்டு கையையும் அகட்டி வைத்துக் காட்டினாள். "இங்கேருந்து இதோ, இது வரைக்கும்."

அவர் நாளிதழைத் தாழ்த்தவில்லை. அவள் சமையலறைக்குப் போனதும் எழுந்து, உறையில் இருந்த எந்தப் பூவிலிருந்து எந்தப் பூவரை என்று நினைவில் வைத்திருந்தபடி டேப்பை நீட்டி அளந்தார்.

அந்த நீளத்துக்கு ஒரு பொம்மை தேடிச் சந்தையைச் சலித்தார். கிடைத்தது. அதற்கு அளவாக ஒரு கவுன் தைத்தார். வெளிர்மஞ்சள் பருத்தி. மடிப்பு ஓரம் உள்ளே குத்தாதபடி இரட்டையாக மடித்துத் தைத்தார். பொம்மைக்கு அதெல்லாம் தேவையில்லை. தைத்து முடித்து, பொம்மைக்குப் போட்டுப் பார்த்தார். பொருந்தியது. அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பொம்மைக்கு எடையே இல்லை. குழந்தை எவ்வளவு கனம் இருக்கும் என்று சோபா உறை சொல்லாது.

அடுத்த தடவை மனைவி டாக்டரிடம் கிளம்பியபோது கவுன் அவள் கைப்பைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் அது திரும்பி வந்தது. மனைவி அதை அவர் முன்னால் மேசையில் போட்டாள்.

"பிடிக்கலையாமா?" குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"தலை நுழையலைங்க. உடம்பு, கை எல்லாம் அச்சா இருக்கு. கழுத்துல போனாத்தானே! குழந்தை வீல்னு கத்திடுச்சு."

அவர் கவுனை எடுத்துக் கழுத்தை விரித்துப் பார்த்தார். பிறகு பொம்மையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. பொம்மைகளுக்கு அவர் எப்போதும் தலையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சட்டை போடுவார். போட்டு முடித்துத் தலையைத் திருகி மாட்டுவார். அந்தப் பழக்கத்தில் கழுத்தைக் கழுத்தளவுக்கே வெட்டியிருந்தார். பின்னால் ஒரு பொத்தான்கூட வைக்கவில்லை.

"சிரிச்சாளா?"

"சிரிக்காம? 'எங்கப்பா பேத்திக்குத் தலை கழலும்னு நினைச்சிட்டாரா'ன்னு கேட்டா." மனைவி கைப்பையை ஆணியில் மாட்டினாள். "தலைச்சுற்றளவு எடுத்துட்டு வரேன்னு நான் டேப்பை எடுத்தேன். விடலை. 'தைக்கிறவங்க வந்து அளக்கட்டும்'னுட்டா."

அவர் கவுனை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"நீ அளந்தா தப்பாத்தான் வரும்," என்றார் கடைசியில். "சோபாவுல கை வச்சுக் காட்டற ஆள் நீ."

"ஆமாமா, நான்தானே கழுத்தை விட்டுட்டேன்."

மறுநாள் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டார். டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். உறவு கொண்டாடப் போகவில்லை, அளவெடுக்கப் போகிறோம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார்.

கீழே சலூன், மேலே வீடு. கண்ணாடிக் கதவைத் தள்ளினார். மருமகன் ஒருவருக்குக் காதோரம் கத்தரித்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் இவரைப் பார்த்ததும் கத்தரிக்கோல் நின்றது.

"வாங்க மாமா," என்றான். கத்தரிக்கோலாலேயே பெஞ்சைக் காட்டினான். "உக்காருங்க."

"அளவெடுக்க வந்தேன்."

"சொல்லிட்டு வரேன்." அவன் மாடிப்படிக்குப் போய்க் குரல் கொடுத்துவிட்டு, சங்கடத்தோடு திரும்பி வந்தான். "குழந்தை இப்பத்தான் தூங்குச்சாம். எழுந்ததும் கூப்பிடறாளாம். அதுவரைக்கும்... இருக்க முடியுமான்னு கேட்கச் சொன்னா."

இருக்க முடியுமா. இதைக் கேட்க அவள் இத்தனை நாள் காத்திருந்திருக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. இறங்கி வர நாலு படிதான் அவளுக்கு. வரமாட்டாள். அவள் இடத்தில் அவர் இருந்தாலும் வந்திருக்கமாட்டார். உள்ளுக்குள் எங்கோ ஒரு பெருமை வலித்தது.

"இருக்கேன்னு சொல்லுங்க," என்றார். மருமகனை அவர் முதல் தடவையாக 'ங்க' போட்டுப் பேசினார். அவன் கவனித்தானா என்று அவர் பார்க்கவில்லை.

வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில் சாயாமல் உட்கார்ந்தார். முடி வெட்டிக்கொண்டவர் எழுந்து போனார். இன்னொருவர் வந்து, "பெரியவர் முதல்ல வந்தவரு, அவருக்கு வெட்டுங்க" என்றார். "பரவாயில்லை, எனக்கு அவசரமில்லை," என்று அவரை நாற்காலிக்கு அனுப்பிவிட்டு, டேப்பை எடுத்துத் தன் விரலில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

மேலே ஒரு குழந்தை முனகியது. அவர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு சத்தம் அடங்கியது. யாரோ தட்டிக்கொடுத்துத் தூங்க வைக்கும் ஓசை மட்டும் கேட்டது. அதைக் கேட்டபடி, டேப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, அவர் நின்றவாறே இருந்தார்.