முதுகு மேடத்தின் கடைசிப் பாடம்

மனைவியின் சட்டைக் கழுத்தில் மைக்கைக் குத்தும்போது அவருடைய விரல் வழுக்கியது.

"இத்தனை வருஷமா தையல்கடை வச்சிருக்கீங்க. இதைக் குத்த வரலையா?" என்று சிரித்தாள்.

கல்லூரியின் பதிவறை சின்னது. நடுவில் ஆள் உயரக் கண்ணாடி, அதன் விளிம்பெங்கும் விளக்கு. அந்தப் பக்கம் நின்று அவள் ஒளிரும் பேனாவால் எழுதுவாள். இந்தப் பக்கம் கேமரா. எழுத்து இடவலம் மாறித் தெரியாதபடி படத்தைப் பிறகு திருப்பிவிடுவார்கள். காலமெல்லாம் கரும்பலகையைப் பார்த்தபடியே கணக்கு நடத்தியவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'முதுகு மேடம்'. இந்தக் கண்ணாடி வந்த பிறகுதான், எழுதிக்கொண்டே எதிரே பார்த்துப் பேசினாள். இன்னும் ஒரு பாடம்தான் பாக்கி.

இதயம் தளர்ந்துவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே போகக்கூடாதென்று மகள் போனில் அழுதாள். அவர்தான் சமாதானம் சொல்லி மனைவியைக் கூட்டி வந்திருந்தார்.

பாதிக் கணக்கில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கேமராவை நிறுத்தப் போனார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வேண்டாமெனத் தலையசைத்தாள். அவர் கையை இறக்கிக்கொண்டார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு கேமராவைப் பார்த்து, "எனக்கு மூச்சு வாங்குது, உங்களுக்குத் தலை சுத்தும். நீங்களும் கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றாள். கணக்கை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சாய்ந்துகொண்டு, பசிக்கிறது என்றாள். அவள் அப்படிச் சொல்லிக் கேட்டு வெகுநாளாயிற்று. ரொட்டி வாட்ட அவர் அடுப்படிக்குப் போனார்.

"நல்லா வந்துச்சா?" சோபாவிலிருந்தே கேட்டாள்.

"உன் மொகம் பளிச்சுன்னு இருந்துச்சு."

"நான் கணக்கைக் கேட்டேன்."

தட்டோடு வந்தபோது கண்ணை மூடியிருந்தாள். தூங்கட்டும் என்று ரொட்டியை மூடிவைத்து, போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டார். பாதம் சில்லிட்டிருந்தது. அப்படியே பாதத்தைப் பிடித்துக்கொண்டு அவளருகே உட்கார்ந்தார். மகளுக்குச் சொல்ல வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தார்.

மறுநாள் வீடு நிறைய மாணவர்கள். எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது துறைத் தலைவர் அவரைத் தனியே அழைத்தார். கடைசிப் பாடத்தில் தண்ணீர் குடிக்கிற இடத்தை வெட்டிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இருக்கட்டும் சார். பாடம் நடத்தும்போது அவ சொன்னதுதானே," என்றார்.

அடுத்த வாரம் வகுப்பில் அதைப் போட்டார்கள். அவரையும் அழைத்திருந்தார்கள். மகளையும் வரச் சொன்னார், அவளால் முடியவில்லை. கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். திரையில் அவள் இடக்கையால் எழுதினாள். படத்தைத் திருப்பியதால் அப்படி என்று புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் தண்ணீர் குடிக்கச் சொன்னபோது யாரோ நிஜமாகவே பாட்டிலைத் திறந்தார்கள். வகுப்பே சிரித்தது.

முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு குரல், புரியவில்லை, முதலிலிருந்து போடுங்கள் என்றது. மறுபடி போட்டார்கள்.

அப்போதுதான் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"மேடம் ஆரம்பிச்சுட்டாங்களா?"

"இப்பத்தாம்மா," என்று நகர்ந்து இடம் விட்டார்.