ரோல் போடாத கேமரா

மணப்பெண்ணின் இடது காதடியில் தொடங்கித் தாடை வரை இறங்கியிருந்தது, பிறவியிலேயே வந்த செந்நிற மச்சம். அவளைச் சன்னலோரம் உட்காரவைத்து, அந்தக் கன்னத்தில் வெளிச்சம் விழும்படி திரும்பச் சொன்னாள் புகைப்படக்காரி. மணப்பெண் தயங்காமல் திரும்பினாள்.

கல்யாணத்துக்கு முன்பு எடுத்த படங்களில், புகைப்படக்காரி வேலை பார்க்கும் இதே நிறுவனத்தார் கணினியில் மச்சத்தை வழித்தெடுத்து, முகத்தை உரித்த முட்டையாக்கிக் கொடுத்திருந்தார்கள். "நல்லாத்தான் இருந்துச்சுக்கா. ஆனா அது யாரோ ஒருத்தி. அவரு கட்டிக்கப் போறது அவளயா, என்னயா?" என்று மணப்பெண் கேட்டபோது, புகைப்படக்காரி வாக்குக் கொடுத்தாள்: கல்யாணத்தை ஃபிலிமில் எடுப்பேன்; கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் நானே; உன் முகத்தில் வேறு யார் கையும் படாது.

ஃபிலிமில் புகைப்படக்காரியைக் கட்டிப்போட்டது ஒன்றுதான். எடுத்த மறுகணம் திரையை எட்டிப் பார்த்து, 'ஐயே, கன்னம் குண்டாத் தெரியுது, அழிச்சிடுங்க' என்று சொல்ல அதில் வழியில்லை. பார்க்க வழியில்லாதபோது, எதிரே உட்கார்ந்திருப்பவர் சற்று நேரத்தில் தன் முகத்துக்குத் தானே காவல் நிற்பதை விட்டுவிடுவார். அந்தக் காவலில்லாத முகத்துக்காகத்தான் இத்தனை மெனக்கெடலும்.

இப்போது அந்த முகம் வந்திருந்தது. அவள் அழுத்தினாள், நெம்புகோலை இழுத்து அடுத்த படத்துக்கு நகர்த்தினாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. உள்ளே ஃபிலிம் ரோல் இருந்தால், நெம்புகோலை இழுக்கும்போதெல்லாம் கேமராவின் மறுமுனையிலுள்ள குமிழும் கூடவே சுழலும். குமிழ் சுழலவில்லை. மறுபடியும் அழுத்தி இழுத்துப் பார்த்தாள். குத்துக்கல்லாட்டம் நின்றது.

காலையில் வீட்டில் அவள் தன் கையால் போட்ட ரோல் அது. கேமராப் பை வேனில் கிடந்த நேரத்தில் அதைத் தொடும் துணிச்சல் ஒருவருக்குத்தான் உண்டு: அவளுடைய அக்காவின் கணவர், நிறுவனத்தின் முதலாளி, இவ்வளவு நேரமும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று டிஜிட்டல் கேமராவில் ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டிருந்தவர்.

"அத்தான், கொஞ்சம் வெளிய வாங்க."

நடைகூடத்தில் அடுக்கிவைத்திருந்த நாற்காலிகளின் பக்கம் அவரை நிறுத்தினாள்.

"ரோல் எங்க?"

"எந்த ரோல்?"

"அத்தான்!"

"உருவிட்டேன். இப்ப என்ன? மாப்பிள்ளை வீட்டுல சாயங்காலமே பெரிய திரையில படம் ஓடணுங்கறாங்க. நீ ஃபிலிமக் கழுவி, காயப்போட்டு, என்னைக்குக் குடுக்கப் போற? பேரப்புள்ள பொறந்தப்புறமா?"

"அதுக்குத்தான் நீங்க தனியா எடுக்கறீங்களே. என் ரோல் என்ன பண்ணுச்சு?"

"உன் படத்துல மச்சம் இருக்கும், என் படத்துல இருக்காது. எது நெசம்னு நாலு பேரு கேப்பான். பொண்ணுக்கு அந்தக் கேமராவப் பாத்தாப் போதும், கிளிக்குனு சத்தம் கேட்டாப் போதும். நான் மூஞ்சியச் சுத்தம் பண்ணி, மேல கொஞ்சம் பொரிபொரியாப் புள்ளி தூவிவிட்டா ஃபிலிம் மாதிரியே இருக்கும். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

"நீ வாயத் தொறக்கலேன்னா ஒருத்தருக்கும் தெரியாது, கொழுந்தியாளே."

அவளுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. தன்னை ஏமாற்றியதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஏமாற்றுவதற்குத் தன் கையையே கருவியாக்கியதை எப்படிப் பொறுப்பது? இந்தப் பக்கம் திரும்பு, தோளைத் தளர்த்து, மூச்சை விடு என்று சன்னலோரம் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளை அறியாமலேயே பொய்யாகியிருந்தது. நம்பித் திரும்பிய கன்னத்துக்கு முன்னால் அவள் வெற்றுப்பெட்டியை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வேன் சாவியக் குடுங்க. டப்பாவுல வேற ரோல் இருக்கு."

"கூட்டத்துல மானத்த வாங்காத. உங்கக்கா மொகத்துக்காகப் பாக்கறேன்."

"அக்கா மொகத்தயும் வழிச்சு எடுத்துட்டுப் பாருங்க. பளபளன்னு இருக்கும்."

அவர் சாவியைத் தரவில்லை. அவள் அறைக்குத் திரும்பி, மணப்பெண்ணிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மகளின் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்த அம்மா பதறினார். "அம்மாடி, சனங்க வந்து உக்காந்தாச்சு. இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"ரோல் வரட்டும்மா. அப்புறம் மேடைக்கு வரேன்," என்றாள் மணப்பெண்.

வாசலில் தலைநீட்டிய அத்தான் இளித்தார். "தங்கச்சி, இது ஒரு சின்ன விஷயம்..."

"என் மூஞ்சி உங்களுக்குச் சின்ன விஷயமாண்ணே?"

அம்மா சீப்பை ஓங்கினார். "நின்னு என்ன வேடிக்கை? ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க!"

முதலாளி தொப்பை குலுங்க ஓடினார்.

அவர் டப்பாவோடு திரும்புவதற்குள் வெயில் சன்னலைவிட்டு நகர்ந்துவிட்டது. வெளிச்சம் குறைந்ததால், இனி கேமராவின் ஷட்டர் நிதானமாகத்தான் திறந்து மூட வேண்டும். சற்று ஆடினாலும் படம் கலங்கும். முன்பிருந்த இளக்கமும் போயிருந்தது. மணப்பெண்ணின் மூக்கு விடைத்திருந்தது, கண்கள் கனன்றன.

"சிரிக்கணுமாக்கா?"

"வருதா?"

"வரல."

"அப்ப வேணாம்."

வெளிச்சத்தைக் கன்னத்தின் மேல் திருப்ப வெள்ளை அட்டை பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அவள் அட்டையை அத்தானிடம் நீட்டினாள்.

"நானா? நான் மொதலாளி!"

"தெரியும். கொஞ்சம் மேல தூக்குங்க."

தூக்கினார். "சாயங்காலம் திரையில என்னத்தக் காட்டறது? மாப்பிள்ளை வீட்டுல என் தோல உரிச்சுத் தொங்கவிட்டுருவாங்க."

"நீங்க எடுத்ததயே காட்டுங்கண்ணே," என்றாள் மணப்பெண், முகத்தைத் திருப்பாமல். "மச்சத்தோட."

"அது இல்லம்மா, அவங்க என்ன சொல்லுவாங்கன்னா..."

"பேசாதீங்க அத்தான், கை ஆடுது."

அவர் அட்டையை இரு கையாலும் பிடித்தார். ஓடிவந்த மூச்சிரைப்பில் அட்டை நடுங்கிக்கொண்டே இருந்தது. மேடைப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அறையில் ஒருவரும் அசையவில்லை. புகைப்படக்காரி கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல், அவர் கை நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு அழுத்தினாள்.