குதிகால்

டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு முதுகுவலி தொடங்கியது மகள் பிறந்த பிறகுதான். அதனால் யாரும் அதை நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். படுத்தால் வலி கூடியது, நடமாடினால் குறைந்தது. காலையில் பக்கவாட்டில் உருண்டு, கைகளை ஊன்றி, கட்டையைத் தூக்கி நிறுத்துவதுபோல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வாள். டிப்போவுக்குப் போய்ச் சேர்வதற்குள் உடம்பு கொஞ்சம் இளகிவிடும்.

"வீட்டு வேலைன்னா வலிக்குது, பஸ்ஸுல ஏறினா போயிடுது. நல்ல வலிதான்," என்றாள் நாத்தனார். வீடே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

பல வருடங்கள் கழித்து ஒருநாள் கண் செக்கச்செவேலென்று சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண் மருத்துவரிடம் போனாள். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு முதுகைப் பற்றி விசாரித்தார். அதுவரை அவள் முதுகுவலியை ஒரு நோயாக எடுத்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான். இரத்தப் பரிசோதனையில் பி27 என்றொரு குறி தெரிந்தது. எதிர்ப்புச் சக்தியில் பிறப்பிலேயே இருக்கும் அடையாளம், அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வருவது. அது இருக்கும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும், காக்க வேண்டிய சக்தி சொந்த மூட்டுகளையே, சில நேரம் கண்ணையும், தாக்கும். வேலியே பயிரை மேயும் கதை. அவள் விஷயத்தில் பாதி வயல் போய்விட்டிருந்தது. முதுகின் கீழ் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கழுத்தும் இறுகிக்கொண்டு வந்தது.

கழுத்து திரும்பவில்லை என்பதை அவள் டிப்போவில் சொல்லவில்லை. கண்ணாடிகளை நம்பி ஓட்டினாள். ஒரு மத்தியானம் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டரின் விசில் வீறிட்டது. பிரேக்கை மிதித்து இறங்கிப் பார்த்தாள். சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து, என்ன நடந்தது என்றே தெரியாமல் நடந்து போனாள். இவள் பஸ் சாவியை எடுத்துக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குப் போய் மேசைமேல் வைத்தாள். அதன் பிறகு பஸ் புறப்படும் நேரத்தை மைக்கில் அறிவிக்கும் அறையில் அவளுக்கு வேலை.

மகளை எல்லோரும் சுண்டெலி என்பார்கள். சின்ன உருவம், கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடுவாள். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயங்களில் அவளைப் பிடிக்க ஆளில்லை. பதினாறு முடிந்த வருடம், ஒரு காலை, மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். அடுப்படியில் நின்ற அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னவென்று கேட்டாள். குதிகால் வலி, ரொம்ப ஓடிட்டேன்னு கோச் சொன்னார் என்றாள் மகள்.

"ஓடின பிறகு வலிக்குதா, எந்திரிச்ச உடனேயா?"

"எந்திரிச்ச உடனே. ஓட ஓட சரியாயிடுதும்மா."

கேட்கக் கூடாத பதில் அதுதான். இந்த நோய் சிலருக்குக் குதிகாலிலும் தொடங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். அவன் குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பவன், எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டான். இதை மட்டும் திறக்கவே வேண்டாம் என்றான். பரிசோதனை செய்து தெரிந்துகொண்டு என்ன செய்வது, பிள்ளையின் நிம்மதி போகும், அவ்வளவுதான் என்றான்.

"குறி பிள்ளைக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்புன்னு சொன்னாங்களே. குறி இருந்தாலும் நோய் வரணும்னு இல்லையே."

"அந்த மீதிப் பாதிய நம்பித்தான் அவளப் பத்தி இவ்வளவு நாள் வாயத் திறக்காம இருந்தேன்," என்றாள்.

மகளோ மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்றாள். நான் உன்னை மாதிரி இல்லை என்றாள். பயத்தில் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துப் போனது. பந்தயத்துக்கு முந்தின நாள் மகளின் ஓட்டக் காலணிகளை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தாள். ஓடாவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று அந்த நேரத்தில் தோன்றியது. மகள் வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடிக் கண்டுபிடித்தாள். அரிசி உதிரும் காலணிகளோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"ஓடினாத்தான் வலி குறையுதுன்னு சொன்னேன்ல. நீகூட நம்பலையா?"

அம்மாவுக்கு நாத்தனாரின் பழைய சிரிப்பு காதில் விழுந்தது. தரையில் உட்காரப் பார்த்தாள். முதுகு மடங்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபடியே அழுதாள். "நம்புறேன் எலி. என் அளவுக்கு உன்னை யாரும் நம்ப மாட்டாங்க. அதனாலதான் பயமா இருக்கு. என்கிட்ட வலி எப்படின்னு கேட்க ஆள் வர்றதுக்குள்ள எலும்பு ஒட்டிப்போச்சு."

அம்மாவின் முதுகும் தோளும் சுவரில் பதிந்திருக்க, தலை மட்டும் சுவரைத் தொடாமல் முன்னால் துருத்தி நின்றதை மகள் பார்த்தாள். இத்தனை நாளும் கண்ணில் பட்டதுதான். அன்றைக்குத்தான் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள்.

மூட்டு மருத்துவர் நிதானமான பெண். மகளின் இரத்தத்திலும் அந்தக் குறி இருந்தது. அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது என்று அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முடிவு வரும்வரை கணவன் சாமான்களைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தான். வீட்டில் ஓடாத மின்விசிறி எதுவும் மிச்சமில்லை. ஸ்கேனில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் இடத்தில் அழற்சி தெரிந்தது. நோய் தொடங்கிவிட்டது. எலும்பு இன்னும் ஒட்டவில்லை. மருந்து, ஊசி, தினமும் உடற்பயிற்சி என்றார் மருத்துவர். ஓடலாமா என்று மகள் கேட்டதற்கு, ஓடத்தான் வேண்டும், ஆனால் வலி அடங்கும்வரை பந்தயம் வேண்டாம் என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் அம்மா மகளின் கையைப் பிடித்தாள். மகள் கையை உருவிக்கொண்டாள்.

"எனக்கு உன் கண்ணு, உன் மூக்குன்னு சொல்லுவாங்க. இதையும் சேர்த்தே குடுத்துட்டியா?"

கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த வருடப் பந்தயங்கள் போயின. முதல் மருந்து கேட்கவில்லை, மாற்றினார்கள். மகள் அம்மாவோடு சரியாகப் பேச மாதங்களாயின. மறு வருட ஸ்கேனில் அழற்சி குறைந்திருந்தது, எலும்பு ஒட்டவில்லை. பழைய வேகம் திரும்பவில்லை, ஆனால் ஓடினாள்.

அந்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள்:

"நாளைக்கு எனக்குப் பிள்ளை பிறந்தா?"

அம்மாவால் கழுத்தைத் திருப்ப முடியாது. உடம்பு முழுவதையும் இருக்கையில் திருப்பி மகளைப் பார்த்தாள். தெரியவில்லை என்று சொன்னாள். மகள் மெல்ல நகர்ந்து, அம்மாவின் தலைக்குத் தன் தோளை அண்டக் கொடுத்தாள். பஸ் குலுங்கியது. இருவருக்குமே வலித்தது.