வெள்ளைக் கொல்லையின் பீப்பாய்

என் தம்பி பாஸ்தியானுக்கு வாய் நீளம். ஆயுசுதான் நீளமில்லாமல் போய்விட்டது. அறுவடை முடிந்து, பிழிந்த திராட்சைச் சாறு பீப்பாய்களுக்குள் பொங்கி அடங்கி, அப்பாடா என்று ஊரே காலை நீட்டி உட்காரும் நவம்பரில், குளிருக்கு முன்னால் கொடிகளின் அடியில் மண் அணைக்கப் போனான். சரிவில் டிராக்டர் புரண்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அவன் மனைவி எனோரா பிரான்சின் இந்தப் பர்கண்டிப் பக்கத்தவள் இல்லை. மேற்கே பிரெத்தாஞ் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். திராட்சைக்கொடிக்கும் அவரைக்கொடிக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்தாள் என்று நான் கேலி பேசியிருக்கிறேன். அவளும் விடமாட்டாள், "மீனுக்கு முள்ளு எங்க இருக்குன்னு முதல்ல கத்துக்கோங்க அக்கா" என்பாள். அவர்களுக்கு லீஸ் பிறந்தது அந்த வருஷம் ஜூன் மாதத்தில். அப்பன் போகும்போது அவளுக்குத் தவழக்கூடத் தெரியாது.

நிலமெல்லாம் எனக்கும் தம்பிக்கும் பொது, ஒன்றைத் தவிர. மலையின் உச்சியில், காட்டை ஒட்டி ஒரு சின்னத் துண்டு, வெள்ளைக் கொல்லை என்று பெயர். மண்ணைவிடக் கல் அதிகம். யாரும் சீந்தாமல் கிடந்ததை அவன் வாங்கி, முதுகு ஒடியக் கல் பொறுக்கி, ஷார்தொனே என்ற வெள்ளைத் திராட்சைக் கொடி நட்டான். "கல்லை விவசாயம் பண்றான் என் தம்பி" என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அந்தக் கல்தான் வெயிலை வாங்கி வைத்து, வேரைக் கீழே கீழே விரட்டி, வேறெங்கும் வராத ஒயினைக் கொடுத்தது. ஏப்ரல் பனி பாதித் தளிரைக் கருக்கிய அந்த வருஷம் அதிலிருந்து கிடைத்தது ஒரே ஒரு பீப்பாய்.

அந்தப் பீப்பாயை அவன் மகளுக்கென்று ஒதுக்கிவிட்டான். பிள்ளை பிறந்த வருஷத்து ஒயினைப் பிள்ளை வளரும் வரை புட்டியில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். "பதினெட்டு வயசுல இவ இதத் திறந்து குடிப்பா. குடிச்சிட்டு என்னத் திட்டுவா. நான் பல்லு போன வாயோட சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்" என்று பழச்சாறு இறக்கிய அன்று சொன்னான்.

பதினெட்டு வருஷம் தாங்க வேண்டுமென்றால் வெள்ளை ஒயினுக்குப் புளிப்பு வேண்டும். புளிப்புதான் அதற்கு முதுகெலும்பு. மீதியெல்லாம், ஓக் மரத்தின் வாசனை, வெண்ணெய் மாதிரி வரும் கொழுப்பு, அதெல்லாம் மேலே போட்ட சதை. அடியில் தங்கும் மண்டியை வாரா வாரம் துழாவுகோலால் கலக்கிவிட்டால் அந்தச் சதை பிடிக்கும். அதோடு இன்னொரு வேலையும் உண்டு. பீப்பாய் மரம் ஒயினைக் குடித்துக்கொண்டே இருக்கும். காற்றிலும் கொஞ்சம் போகும். மேலே குறைந்த இடத்தில் காற்று உட்கார்ந்தால் ஒயின் காடியாகிவிடும். அதனால் குறையக் குறைய வேறு ஒயினை ஊற்றி, தக்கை வரை ததும்பத் ததும்ப நிரப்ப வேண்டும்.

அடக்கம் முடிந்த மறு வாரம், நிரப்புகிற கெண்டியோடு நிலவறைக்குள் இறங்கினேன். வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்து வெள்ளைக் கொல்லைப் பீப்பாயின் தக்கையில் கை வைத்தேன். பின்னால் எனோரா நின்றிருந்தாள், இடுப்பில் லீஸ்.

"அதுல எந்த ஒயின ஊத்தப் போறீங்க?" என்றாள்.

"கீழ்த் தோட்டத்தோடது. வேற எது இருக்கு?"

"அது அவர் கொல்லையோடது இல்லையே."

"எல்லாம் ஒரே வீட்டு ஒயின்தான்டி."

"வேண்டாம் அக்கா. இதுல அவர் கொல்லையில விளையாத ஒரு சொட்டு கூட விழக்கூடாது. இத என்கிட்ட விட்ருங்க. நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துப்ப? நிரப்பலன்னா நாலு மாசத்துல காடி. உன் மக பதினெட்டு வயசுல அத ஊத்தி கீரை சாப்பிடலாம்."

அவள் அழவில்லை. என் கையிலிருந்த கெண்டியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். புருஷனை மண்ணுக்குக் கொடுத்து இரண்டு வாரம் ஆகாதவளிடம் நான் எவ்வளவு மல்லுக்கு நிற்க முடியும்? தலையில் அடித்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டேன்.

அதற்கு அப்புறம் நடந்ததை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எங்களுக்குப் பீப்பாய் செய்து தருகிற ஃபெரியோல் மாமா துக்கம் விசாரிக்க வந்தபோது, எனோரா அவரைத் தனியாகக் கேட்டிருக்கிறாள், வேறு ஒயின் ஊற்றாமல் பீப்பாயை நிரப்ப வழி உண்டா என்று. "ஏன் இல்ல? ஊத்த ஒயின் இல்லாதவங்க அந்தக் காலத்துல கூழாங்கல்லக் கழுவி உள்ள போடுவாங்க. கல்லு இறங்கும், ஒயின் ஏறும்" என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆற்றுக் கூழாங்கல் என்று சொன்னேன் என்று இன்றைக்கும் அவர் சத்தியம் செய்கிறார். சொல்லியிருப்பார். கேட்டவள் காதில் விழுந்தது கல் என்பது மட்டும்தான்.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், குளிர்காலம் முழுக்க அந்தப் பீப்பாய் ததும்பி நின்றது என்பதே. பிடிவாதம் தளர்ந்து பக்கத்துப் பீப்பாயிலிருந்து அவளே ஊற்றுகிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் ரோஷம் வரும் என்று கேட்கவில்லை, மண்டி துழாவுவதையும் அவளிடமே விட்டுவிட்டேன். மத்தியானம் ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். பீப்பாயின் வயிற்றில் காதை வைத்துக் கேட்பாள். ஒரு நாள் என்னையும் இழுத்துக் கேட்க வைத்தாள். உள்ளே சன்னமாக ஒரு சலசலப்பு. அரிசி களைகிற மாதிரி.

"பேசுது பாருங்க அக்கா. மத்ததெல்லாம் ஊமையா இருக்கு. இது மட்டும் பேசுது."

"அவன் பீப்பாயாச்சே. வாய் மூடாது" என்றேன்.

அவள் சிரித்தாள். தம்பி போனதற்கு அப்புறம் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். லீஸின் காதையும் மரத்தில் ஒட்டவைத்து, "அப்பா பேசறார்டா தங்கம்" என்றாள். வசந்தம் நெருங்கும்போது ஒயினின் பச்சைப் புளிப்பு பால் புளிப்பாக மாறும். அப்போது பீப்பாய் இப்படி முணுமுணுப்பது உண்டு. இது கொஞ்சம் முந்திக்கொண்டது என்று விட்டுவிட்டேன்.

லீஸின் ஞானஸ்நானம் சாவினால் தள்ளிப்போய், ஜூன் மாதம் அவள் பிறந்தநாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. நான்தான் ஞானத்தாய். கோயிலிலிருந்து வந்ததும் அப்பன் தன் ஒயினில் விரலை நனைத்துப் பிள்ளையின் உதட்டில் வைப்பது எங்கள் பக்கத்தில் ஒரு சடங்கு. புளிப்புத் தாங்காமல் பிள்ளை முகத்தை அஷ்டகோணலாக்கும். ஊரே கைதட்டிச் சிரிக்கும். கோணல் எவ்வளவு பெரிதோ அந்த வருஷத்து ஒயின் அவ்வளவு நல்லது என்பார்கள். அப்பன் இல்லாத வீட்டில் அம்மாவே செய்யட்டும் என்று பேசிக்கொண்டோம். அதற்காகத்தான் சனிக்கிழமை காலை எனோரா என்னிடம் வந்து, "ஒரு குவளை எடுத்துக் குடுங்க அக்கா, ஞானத்தாய் கையால எடுத்தா நல்லது" என்றாள்.

தக்கையைத் திறந்து, கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி, கோப்பையில் விட்டு வாயில் வைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன். வாசனை இருந்தது. வெண்ணெய் இருந்தது, வாதுமை இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய புளிப்பு இல்லை. சுண்ணாம்பு கரைத்த தண்ணீரைக் குடித்த மாதிரி நாக்கு மாவாகிப்போனது. துழாவுகோலை உள்ளே விட்டேன். கடக் என்றது. இன்னொரு பக்கம் தள்ளினேன். அங்கும் கடக்.

"உள்ள என்னடி போட்ட?"

"கல்லு" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். "வெளிக்கல்லு இல்ல அக்கா. அவர் கொல்லையில, அவர் பொறுக்கி வரப்புல குவிச்சு வெச்ச கல்லு. ஒயினும் அவரோடது, கல்லும் அவரோடது."

எங்கள் மலைக் கல் எல்லாம் சுண்ணாம்புக்கல். காடி ஒரு சொட்டு விட்டால் நுரைத்துக் கொதிக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வது. புளிப்பை அது தின்றுவிடும், புளிப்பும் அதைத் தின்றுவிடும். குளிர்காலம் முழுக்க நாங்கள் காது வைத்துக் கேட்டது அதைத்தான்.

நான் கத்தினேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, வாய்க்கு வந்தபடி கத்தினேன். "மீன்காரிக்கு எதுக்குடி ஒயின்? கல்லு எதுன்னு தெரியாதா உனக்கு? அவன் கடைசியா பண்ணின ஒயின்டி இது! முழுசாக் கொன்னுட்டியே!"

லீஸ் பயந்து அழ ஆரம்பித்தாள். எனோராவின் முகம் வெளுத்துவிட்டது.

"கழுவித்தானே போட்டேன்" என்றாள். "கொதிக்க வெச்சு, பிரஷ் போட்டுத் தேச்சுக் கழுவினேன் அக்கா. எங்க ஊர்ல கல்லு கடல்லயே கெடக்குது. யுகமாக் கெடக்குது. அதுக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் ஊர்க் கல் கருங்கல். அதற்கு ஒன்றும் ஆகாதுதான். இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் எங்களில் யாருக்கும் இது பிறர் சொல்லித் தெரிந்ததில்லை, தானாகத் தெரிந்தது. என் கோபம் புஸ்ஸென்று இறங்கிவிட்டது. அந்த இடத்தில் துக்கம்தான் வந்து உட்கார்ந்தது.

"இது தாங்காதுடி" என்றேன். "அடுத்த வருஷமே செத்துடும். லீஸ் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே இதுல ஒண்ணும் மிச்சம் இருக்காது."

அவள் கோப்பையை வாங்கிக் குடித்தாள். வாய்க்குள் வைத்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் சுவைத்துப் பார்த்தாள்.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. மெத்துன்னு இருக்கு. உங்களுக்கு நாக்கு சரியில்ல, ரெண்டு நாளா தும்மிக்கிட்டே இருக்கீங்க."

"எனோரா."

"சளி பிடிச்ச நாக்க வெச்சுக்கிட்டு தீர்ப்பு சொல்லாதீங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, குவளையை அவளே நிரப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கீழ்த் தோட்டத்து ஒயினைக் குவளையில் மாற்றி வைத்துவிடலாமா என்று இராத்திரி யோசித்தேன். அந்தப் பொய்யைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் மேசை போட்டிருந்தோம். பன்றித்தொடை இறைச்சி, சர்க்கரை பூசிய பாதாம், ஊர் முழுக்க. வெள்ளை கவுனில் லீஸை நான் மடியில் வைத்திருந்தேன். எனோரா குவளையோடு வந்தாள். கூட்டம் நெருங்கி நின்றது. "சுளிக்கப் போறா பாரு! பாஸ்தியான் ஒயினாச்சே, சும்மா விடுமா!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் கைதட்டத் தயாராக இருந்தார்கள்.

எனோரா விரலை நனைத்து மகளின் உதட்டில் வைத்தாள்.

லீஸ் நாக்கை நீட்டி நக்கினாள். புருவம்கூட அசையவில்லை. தண்ணீர் குடித்த பிள்ளை மாதிரி எங்களைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் விரலை இரண்டு கையாலும் பிடித்து, இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தாள்.

முற்றம் அதிர்ந்தது. "குடிகாரி! அசல் அப்பன் பொண்ணு!" என்று சிரிப்பும் கைதட்டலும். ஃபெரியோல் மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்தக் குவளையைப் பார்த்தார், எனோராவைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

எனோரா அசையாமல் நின்றாள். விரல் இன்னும் பிள்ளையின் கையில் இருந்தது. நேற்று நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவள் நம்பியிருக்கவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இப்போது நம்பிவிட்டாள். அத்தனை சத்தத்துக்கு நடுவில் குனிந்து, என் காதருகே கேட்டாள்.

"ஒண்ணுமே இல்லையா அக்கா அதுல?"

"இல்லடி" என்றேன்.

அவள் தலையசைத்தாள். பிறகு விரலை மறுபடியும் ஒயினில் நனைத்து, கேட்கிற பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.